மக்கும்னு எழுதின பை

அந்தக் கவரை மடியில வைக்காதீங்க அம்மிணி, பைக்குள்ள தள்ளிருங்க. மேல குஞ்சப்பனை செக்போஸ்ட்ல பஸ்ஸுக்குள்ள ஏறிப் பாப்பாங்க. பிளாஸ்டிக் இருந்தா புடுங்கிக்குவாங்க.

என்னது, மக்கற கவருங்களா? யாரு, கடைக்காரனா சொன்னான்? எங்க, இப்படிக் காட்டுங்க. ம். பச்சை எழுத்துல போட்டிருக்கான். பக்கத்துல ஒரு எலை வேற வரஞ்சிருக்கான். இந்த எலையை நம்பித்தானுங்க எங்க குடும்பமே சந்தி சிரிச்சுது.

சும்மா சொல்லலீங்க. கோத்தகிரி போறவரைக்கும் நேரமிருக்குது, சொல்றேன் கேளுங்க. நீங்க படிச்சவங்களாட்டத் தெரியறீங்க, நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எம் பேரு வசந்தாமணி. கோயமுத்தூருங்க, வடவள்ளிப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட். ஒரே பொண்ணு, தாரணின்னு பேரு. நல்ல புள்ளைங்க, படிப்பும் சுட்டி. காலேஜுக்குப் போன புதுசுல ஒருநா பாத்ரூம்ல விழுந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. டாக்டர் மாத்திரை குடுத்தார். அதுக்கப்புறம் நின்னுபோச்சு, ஆனா மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னுட்டார். எங்க ஊட்ல அந்தச் சீக்கோட பேரை நாங்க சொல்றதே கிடையாதுங்க. தலைவலி மாத்திரைன்னுதான் சொல்லுவோம். தாரணி, தலைவலி மாத்திரை சாப்பிட்டியான்னுதான் கேப்பேன். பொம்பளப் புள்ளையைப் பெத்து வெச்சிருக்கறவ வேற எப்படிங்க கேப்பா?

எங்க அபார்ட்மென்ட்ல சுபாஷிணின்னு ஒருத்தி. பெங்களூருல இருந்து வந்தவ. வந்ததும் வராததுமா குப்பைக் கமிட்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சா. மக்கற குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மத்ததுக்கு நீலத் தொட்டி, செவப்புத் தொட்டி. பின்னாடி காலியா கெடந்த எடத்துல உரக்குழி. ஞாயித்துக்கெழமையானா பார்க்கிங்ல நின்னுக்கிட்டு யாரு பை, என்ன பைன்னு ஒவ்வொண்ணாப் பாப்பா. தப்பா போட்டிருந்தா கீழ பேப்பரை விரிச்சு, பையைத் தலைகீழாக் கவுத்து, எது எதுல போகணும்னு எல்லாருக்கும் பாடம் எடுப்பா. யாரு எவருன்னு பாக்க மாட்டா. ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தர் ஊட்டுக் குப்பையையும் அப்படித்தான் கவுத்தா. அவரு சிரிச்சுக்கிட்டே நின்னாரு. எனக்கு அப்பவே புடிக்கலீங்க. அடுத்தவங்க குப்பையைக் கிளறறது என்ன பழக்கம்?

தாரணியைப் பொண்ணு பாக்க வந்த நாளும் ஒரு ஞாயித்துக்கெழமைதான். நல்ல எடமுங்க, பெருந்துறைப் பக்கம், ஒரே பையன். நான் காத்தால இருந்து ஊட்டைத் துடச்சு, பலகாரம் போட்டு, அலமாரியை ஒதுக்கி, கெடந்த கழிசலை எல்லாம் ஒரே பையில கட்டிப் போட்டேன். பச்சைப் பை. மக்கும் பைன்னு எழுதியிருக்கும், எலை வரஞ்சிருக்கும். அவ சொன்னாளேன்னு கடையில கேட்டு வாங்குன பைதான். எங்க ஊட்டுக்காரர் அதைக் கொண்டுபோய்ப் பச்சைத் தொட்டியில வெச்சுட்டு வந்தாரு.

மாப்ள ஊட்டுக் காரு வர்றதுக்கும் நாங்க கீழ எறங்கறதுக்கும் சரியா இருந்துச்சு. வாங்க வாங்கன்னு கும்பிடறேன். அந்தப் பக்கம் இந்த சுபாஷிணி என் பையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறா.

"இது யாரோட பை? பச்சைப் பையில போட்டா பச்சைக் குப்பை ஆயிடுமா? பயோடிகிரேடபிள் வேற, கம்போஸ்டபிள் வேற. எத்தனை தடவை சொல்றது?"

அவ பாட்டுக்குக் கவுத்துட்டா.

வெங்காயத் தோலு, காப்பித் தூளு, பழைய சீப்பு, அதுக்கு நடுவுல மாத்திரை அட்டைங்க. காலி அட்டைங்க, ஒரு கை அள்ளற அளவுக்கு. மாப்ளையோட சித்தி மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கறவங்கன்னு எனக்குத் தெரியாம போச்சு. அந்தம்மா குனிஞ்சு, ரெண்டு வெரல்ல ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பாத்துச்சு. "இது ஃபிட்ஸ் வர்றவங்களுக்குக் குடுக்கறதாச்சே. யாருக்குங்க?"

நான் எங்க ஊட்டுக்காரரைக் கை காட்டியிருப்பேனுங்க. அவருக்குத்தான்னு சொல்றதுக்கு வாய் எடுத்துட்டேன். அதுக்குள்ள இவ, தாரணி, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கறவ, "எனக்குத்தானுங்க. காலேஜ்ல இருந்து சாப்பிடறேன். இப்ப வர்றதில்லீங்க"ன்னுட்டா.

மேல வந்தாங்க. காப்பி குடிச்சாங்க. பலகாரத்தைத் தொடலை. போய்ச் சொல்லி அனுப்பறோம்னாங்க. எதையும் சொல்லி அனுப்பலை.

அன்னிக்கு நான் அடுப்பே பத்த வைக்கலீங்க. தாரணி என்னடான்னா செஞ்ச பலகாரத்தை எடுத்து வெச்சுக்கிட்டு நல்லாச் சாப்பிட்டா. "எப்படியும் நான் அவங்ககிட்டச் சொல்லணும்னுதாம்மா இருந்தேன்"னா. பாருங்க, அத்தனை பெரிய அதிர்ச்சியில புள்ளைக்கு என்ன பேசறதுன்னே தெரியலை.

மறுநா சுபாஷிணி எங்க ஊட்டுக் கதவைத் தட்டுனா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. விருந்தாளிங்க வர்றாங்கன்னு தெரியாது. அதுல மாத்திரை இருக்கும்னு தெரியாது. யாரோட பையையும் இனிமேல் கவுக்க மாட்டேன். என்னை மன்னிச்சுடுங்க"ன்னா. காலைத் தொட வந்தா. நான் கதவைச் சாத்திட்டேன். நடிப்புங்க. மன்னிப்புக் கேட்டா தீந்துபோச்சா? எம் பொண்ணு வாழ்க்கையைப் பார்க்கிங்ல கவுத்துப்போட்டவ அவ. அவளை அதே பார்க்கிங்ல கவுத்துப் போடறேன்னு அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே நெனச்சேன். சாமி முன்னாடி வெளக்கேத்தறப்பவும் அதையேதான் கேட்டேன். வேற ஒண்ணுமே கேக்கலீங்க.

எதை வெச்சு அடிக்கறது? அவகிட்ட இருந்தது வார்த்தைதான். எனக்குத் தெரியாத வார்த்தையைச் சொல்லித்தான என்னை அடிச்சா? அந்த வார்த்தையை எல்லாம் நான் கத்துக்கணும்னு முடிவு பண்ணுனேன்.

தாரணி அதுக்குள்ள உரக்குழிக்குப் போக ஆரம்பிச்சுட்டா. ஆமாங்க, அவகூடத்தான். எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்புறம், சரி, நல்லதாப் போச்சு, நம்ம ஆளு ஒண்ணு உள்ள இருக்கட்டும்னு விட்டுட்டேன். சாயங்காலம் வந்தா பக்கத்துல உக்காத்தி வெச்சுக் கேப்பேன். கண்ணு, பயோடிகிரேடபிள்னா என்ன, கம்போஸ்டபிள்னா என்ன?

முதல்ல என்னை ஒரு மாதிரி பாத்தா. "நிஜமாவே தெரிஞ்சுக்கணுமாம்மா?"ன்னா. ஆமான்னேன். அவ மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. சின்னப் புள்ளையா இருக்கறப்ப பாத்ததுங்க அந்தச் சிரிப்பு.

ஒரு பூந்தொட்டியை எடுத்தா. மண்ணுல ஒரு வாழையிலைத் துண்டையும் அந்தப் பச்சைப் பையில ஒரு துண்டையும் பக்கத்துல பக்கத்துல பொதச்சா. அந்த மழைக்காலம் முடிஞ்சதும் கிளறிக் காட்டுனா. எலையைக் காணம். பை நார் நாராக் கிழிஞ்சு கெடந்துச்சு, ஆனா கெடந்துச்சு. "பயோடிகிரேடபிள்னா என்னிக்காவது ஒருநாள் சிதைஞ்சு போகும்னு மட்டும்தாம்மா அர்த்தம். எப்போ, எப்படின்னு அந்த வார்த்தை சொல்லாது. பொடிப்பொடியா ஒடஞ்சு மண்ணுக்குள்ளயே கெடந்தாலும் அதை மக்கும்னு எழுதி வித்துடுவாங்க. கம்போஸ்டபிள்னா உரமாகணும். கெடுதல் ஒண்ணும் மிச்சம் வைக்காம, இத்தனை நாளைக்குள்ளன்னு கணக்கா ஆகணும். அதுலயும் சில சாமான் ஃபாக்டரிச் சூட்டுலதான் உரமாகும், நம்ம குழியில போட்டா ஆகாது"ன்னா.

தண்ணி பாட்டிலைக் கவுத்து, அடியில மூணு அம்பு சுத்தற முக்கோணத்தைக் காட்டுனா. "இதைப் பாத்ததும் ரீசைக்கிள் ஆகும்னு நெனச்சுக்கறோம். உள்ள இருக்கற நம்பர் என்ன வகைப் பிளாஸ்டிக்னு சொல்லுது, அவ்வளவுதான். எடுத்துக்கறதுக்கு ஆள் இருந்தாத்தான் ரீசைக்கிள்." கார்பன் ஃபுட்பிரின்ட்டுன்னு ஒண்ணு. நாம திங்கறது, போறது, வர்றது, கரன்டு போடறது எல்லாத்துக்கும் சேத்து எத்தனை பொகை விடறோங்கற கணக்காம். அப்புறம் கிரீன்வாஷிங். உள்ள ஒண்ணுமில்லாம வெளியில பச்சைப் பெயின்ட் அடிச்சு ஏமாத்தறது. அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் புடிச்சுதுங்க. பச்சைப் பூச்சுன்னு நானே தமிழ்ல பேரு வெச்சுக்கிட்டேன்.

தெனமும் ரெண்டு பேரும் உக்காந்து பேசுவோம். அவ பேசப் பேச நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். எங்க ஊட்டுக்காரர் கூட டிவியை அமத்திட்டு வந்து உக்காருவாரு. அந்த மாதிரி எங்க ஊடு இருந்தது கொஞ்ச காலந்தானுங்க. ஆனா நான் எதுக்காகக் கேக்கறேன்னு எனக்கு மறக்கலை.

ஜீரோ வேஸ்ட்டுன்னா என்னன்னும் கேட்டேன். "ஒண்ணுமே இல்லாமப் பண்றதுன்னு இல்லம்மா. அது யாராலயும் முடியாது. முடிஞ்சவரைக்கும் கொறச்சுக்கிட்டே போறதுக்குப் பேருதான் அது"ன்னு சொன்னா. அதை மட்டும் நான் காதுல வாங்கிக்கலை. ஜீரோன்னா ஜீரோதானுங்க?

முதல் அடியை அபார்ட்மென்ட் மீட்டிங்ல குடுத்தேன். சுபாஷிணியோட மகன் கனடாவுல இருக்கறான், வருசம் தவறாம ஏரோப்ளேன்ல போய்ட்டு வருவா. எந்திரிச்சு, "மேடம், எங்க குப்பையை எல்லாம் எடை போடறீங்களே, உங்க கார்பன் ஃபுட்பிரின்ட் எவ்வளவுங்க?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சுட்டு, "நல்ல கேள்விக்கா, அது எனக்கும் உறுத்தறதுதான்"னா. எனக்கு அது பத்தலை. வாட்சப்ல அவ என்ன போட்டாலும் கீழ "பச்சைப் பூச்சு"ன்னு எழுதுவேன். அதுவும் பத்தலை. அவ மொகம் செத்துப்போறதைப் பாக்கணும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எம் மொகம் எப்படிச் செத்துச்சோ அப்படி.

ஒண்ணு கவனிச்சேன். காத்தால யாரும் எந்திரிக்கறதுக்கு முந்தி அவ ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்து கார் டிக்கியில போடுவா. கொண்டுபோய் எங்கயோ வெச்சுட்டு வருவா. மூணு தொட்டி வெச்சிருக்கறவ, தனியாக் கார்ல என்னத்தைக் கொண்டு போறா? தாரணிகிட்டக் கேட்டேன். வேற பக்கம் பாத்துக்கிட்டு, "அது அவங்க சொந்த விஷயம்மா"ன்னா. அவ்வளவுதான், எனக்குப் புரிஞ்சுபோச்சு. திருடி சிக்கிட்டான்னு நெனச்சேன்.

அவ ஊட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் வந்துச்சு. எங்க அபார்ட்மென்ட் ஹால்லயே வெச்சாங்க. ஜீரோ வேஸ்ட் விசேஷம்னு வாசல்ல துணியில எழுதிக் கட்டியிருந்துச்சு. வாழையிலை, மண் டம்ளர், நார்ல கட்டுன மாலை. பேப்பர்க்காரங்க வேற வந்திருந்தாங்க. கனடாவுல இருந்து மகன் வந்திருந்தான். அவரு பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, மணையில உக்காந்திருந்தாரு. நல்ல மனுசனுங்க, அதை நான் மறுக்கலை. எப்பப் பாத்தாலும் கும்பிடுவாரு. அவரு பேர்ல எனக்கு ஒரு விரோதமும் இல்லை.

தாலி கட்டி முடிஞ்சு எல்லாரும் அட்சதை போட்டு எந்திரிக்கற நேரம். அவங்க கார் டிக்கி தொறந்திருந்துச்சு, அதுல இருந்து இலைக்கட்டை எறக்கிக்கிட்டிருந்தாங்க. மூலையில அந்தக் கறுப்புப் பை. அன்னிக்கு விசேஷ அவசரத்துல கொண்டுபோக மறந்துட்டாளாட்ட இருக்குது. நான் போய் எடுத்தேன். ஹால் வாசலுக்குக் கொண்டுவந்து, "எல்லாரும் இப்படி வந்து பாருங்க, ஜீரோ வேஸ்ட் மேடத்தோட குப்பையை"ன்னு கவுத்தேன்.

டயாப்பருங்க. பெரியவங்க போடற டயாப்பரு. சுருட்டிச் சுருட்டிப் பேப்பர்ல மடிச்சு வெச்சிருந்தா. கவுத்த வேகத்துல ரெண்டு மூணு பிரிஞ்சுபோச்சு.

"இது பயோடிகிரேடபிளா மேடம், கம்போஸ்டபிளா? ரெண்டும் இல்லீங்களே. நம்ம பேரன் காலத்துக்கும் மக்காதே. ஜீரோன்னு துணியில எழுதிக் கட்டறீங்களே, இதுக்கு என்ன பேருங்க?"

அந்த வார்த்தையை எல்லாம் அத்தனை சுத்தமாச் சொன்னேனுங்க. ஒரு எழுத்துப் பிசகலை. கனாவுல எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தது.

யாரும் சிரிக்கலை. நான் நெனச்சாப்ல அவளையும் யாரும் பாக்கலை. எல்லாரும் மணையைத் திரும்பிப் பாத்தாங்க. அவருக்கு ஏதோ ஆபரேசன் ஆகி, அதுல இருந்து அடக்க முடியாம போச்சாம். துப்புரவு செய்யறவங்க பாத்துடக் கூடாதுன்னு கூச்சப்பட்டாராம். அதுக்குத்தான் அவ, ஆஸ்பத்திரிக் குப்பையை எரிக்கறதுக்கு எடுத்துக்கற எடத்துல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்கறா. இதெல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்? பையில எழுதியா வெச்சிருந்துச்சு?

அவரு மெதுவா எந்திரிச்சாரு. மாலையைக் கழட்டலை. வேட்டியை ஒரு கையில புடிச்சுக்கிட்டு லிஃப்ட் பக்கம் நடந்து போனாரு. மகன் பின்னாடியே ஓடுனான். சுபாஷிணி என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. நான் எதிர்பாத்த மொகந்தான் அது. அப்படியே செத்துப்போன மொகம். எனக்குக் குளுகுளுன்னு இருந்திருக்கணும். இருந்துச்சுங்க. இல்லேன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு கவனிங்க அம்மிணி, நான் அந்த மனுசனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. பிளாஸ்டிக்கைப் பத்தி மட்டுந்தான் கேட்டேன்.

தாரணி பழைய பேப்பரைக் கொண்டுவந்து கீழ உக்காந்தா. வெறுங்கையில ஒவ்வொண்ணா எடுத்து மடிச்சா. எல்லாத்தையும் பையில போட்டுக் கட்டுன பொறகு எந்திரிச்சு, "இதுக்காம்மா எங்கிட்டக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டே?"ன்னா. சத்தமாக் கூடக் கேக்கலை. அவளுக்கு என்னிக்கும் பொறத்தியார் பக்கந்தானுங்க. உனக்காகத்தான கண்ணு பண்ணுனேன்னேன். பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் அவங்க ஊட்டை வித்துட்டுக் கோத்தகிரிக்கு வந்துட்டாங்க. நாந்தான் ஜெயிச்சேன். அபார்ட்மென்ட்ல இப்ப மூணு தொட்டியும் இருக்குது, எல்லாத்துலயும் எல்லாம் கெடக்குது. உரக்குழியில நாய் படுத்திருக்குது. யாரும் எதையும் கேக்கறதில்லை. எங்கூட லிஃப்ட்ல யாரும் ஏறறதும் இல்லை. நான் உள்ள நின்னா, நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்னு சொல்லுவாங்க. ஒரு மரியாதைதான்.

எங்க ஊட்டுக்காரரா? அதோ, முன் சீட்டுல மப்ளர் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான். இந்த வளைவுல பின்னாடி உக்காந்தா அவருக்கு வாந்தி வரும். அதனால தனியா உக்காந்துக்கிட்டாரு. இப்பெல்லாம் பேச்சுக் கொறஞ்சுபோச்சு. வயசாகுதில்லீங்களா.

தாரணியுங்களா? அவளும் கோத்தகிரியிலதான், சுபாஷிணிகூட இருக்கறா. அவகூடத்தான். மலையில டூரிஸ்ட்காரங்க வீசிட்டுப் போறதைப் பொறுக்கிப் பிரிக்கறதுக்கு ஒரு ஷெட்டுப் போட்டிருக்கறாங்க, அதை எம் பொண்ணு பாத்துக்கறா. எம் பொண்ணையே எடுத்துக்கிட்டா பாருங்க, எத்தனை பெரிய பழி வாங்கியிருக்கறா. வாயால ஒரு வார்த்தை சொல்லாம.

நாளைக்குத் தாரணிக்குக் கல்யாணம். பள்ளிக்கோடத்து வாத்தியாருப் பையன். மாத்திரையை அவனே வாங்கிட்டு வந்து குடுக்கறானாம். எனக்குச் சொன்னது யாருங்கறீங்க? சுபாஷிணி. போன் பண்ணி, "அக்கா, நீங்க இல்லாம அவ மணையில உக்காரக் கூடாது. கட்டாயம் வரணும்"ங்கறா. தாரணியும் வாங்கிப் பேசுனா. "வாம்மா. ஆனா ஒண்ணே ஒண்ணு, கல்யாணத்தன்னிக்குக் குப்பைத் தொட்டி பக்கம் மட்டும் போகாதே"ன்னா. பெத்தவகிட்டச் சொல்ற பேச்சுங்களா இது? சரின்னு சொல்லிட்டேன். தாலி ஏறட்டும். அதுக்கப்புறம் பாக்கறதைப் பாக்காம இருக்க முடியுங்களா? மேடையில ஒரு துண்டு தெர்மாகோல், மாலையில ஒரு இழை நைலான் கெடச்சாப் போதும் எனக்கு.

ஸ்டாண்டு வந்துருச்சாட்ட இருக்குது. மெதுவா எந்திரிங்க, இன்னும் நிக்கலை.

இருங்க. அதோ நிக்கறா பாருங்க சுபாஷிணி, சால்வை போத்திக்கிட்டு. அவதான். வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லவே இல்லையே. ரொம்ப எளச்சுட்டா. பக்கத்துல குச்சி ஊணிக்கிட்டு நிக்கறது அவ ஊட்டுக்காரரு. தாரணியைக் காணம், அவளுக்கு வேலை இருக்கும். எங்க ஊட்டுக்காரர் எறங்கிட்டாரு பாருங்க, என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம. அவரு கையை அவங்க ரெண்டு பேரும் புடிச்சுக்கறாங்க.

சுபாஷிணி ஊட்டுக்காரரு பஸ்ஸுக்குள்ள எட்டிப் பாக்கறாரு. என்னைப் பாத்துட்டாரு. கும்பிடறாரு. குச்சியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ரெண்டு கையையும் சேத்துக் கும்பிடறாரு பாருங்க. சிரிச்ச மொகமா.

எதுக்குங்க கும்பிடறாரு? இதுல என்ன இருக்குதுன்னு உங்களுக்குப் புரியுதா? என்ன மனுசங்களோ. ஒரு ரோசம் வேண்டாம்?

நீங்க முன்னால எறங்குங்க அம்மிணி. நான் கொஞ்ச நேரம் இப்படி உக்காந்துட்டு எறங்கிக்கறேன்.